நிலவில் நடந்தவர்களும் நமது வாய்மை விரதமும்

தசலட்சண பர்வத்தின் உத்தம சத்திய நாளன்று எங்கள் ஊர்ச் சினாலயத்தில் மாலை வழிபாடு நிறைவுற்றபின், வழக்கம்போல் முன்மண்டபத்தில் சாத்திர வாசிப்பு நடைபெற்றது. தத்துவார்த்த சூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்து உரை படிக்கப்பட்டது. சமநிலத்திலிருந்து 800 யோசனை உயரத்தில் ஞாயிற்றின் விமானமும், 880 யோசனை உயரத்தில் திங்களின் விமானமும் இயங்குகின்றன என்னும் இடம் வந்தது. அப்போது கல்லூரியில் இயற்பியல் பயிலும் மாணவி ஒருத்தி எழுந்து, "திங்கள் ஞாயிற்றைவிட நமக்கு அண்மையில் உள்ளது என்று படிக்கிறோம். 1969-ஆம் ஆண்டில் மனிதர் அங்கே இறங்கியும் இருக்கிறார்கள். இதனை எப்படிக் கொள்வது?" என்று பணிவுடன் கேட்டாள்.

முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் உடனே விடையிறுத்தார்: "அங்கே எவரும் போகவில்லை அம்மா. அமெரிக்கர் ஒரு கொட்டகையில் சினிமா எடுத்து உலகத்தை ஏமாற்றினார்கள். என் கைப்பேசிக்கே அந்தப் படம் வந்திருக்கிறது. நம் சாத்திரம் பொய்க்கவில்லை."

அவையில் பலருக்கும் அது ஆறுதலாக இருந்தது. அந்தப் பெண் மட்டும் சற்று நேரம் நின்றவாறே சிந்தித்தாள். பின்பு, "அப்படியானால் தாத்தா, நம் சாத்திரம் மெய்யாக வேண்டுமானால் அவர்கள் அத்தனை பேரும் பொய்யர்களாக வேண்டுமா?" என்றாள். எவரும் விடை கூறவில்லை. நானும் வாய் திறவாதிருந்தேன். அந்த மௌனத்துக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகிறேன்.

இக்கூற்றின் வரலாறு

1969 ஜூலை 20-ஆம் நாள் ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின் ஆகிய இருவரும் நிலவில் இறங்கினர். 1972-ஆம் ஆண்டு முடிவதற்குள் ஆறு பயணங்களில் பன்னிருவர் அங்கே நடந்து, ஏறத்தாழ 382 கிலோ எடையுள்ள கல்லும் மண்ணும் கொண்டுவந்தனர். அப்போலோ எனப்பட்ட அத்திட்டத்தில் உழைத்தவர்கள் சுமார் நான்கு இலட்சம் பேர்.

இது நாடகம் என்னும் கூற்று ஒரு நூலாகப் பரவியது 1976-ஆம் ஆண்டில். ராக்கெட் எஞ்சின் செய்யும் நிறுவனம் ஒன்றில் ஆவணங்கள் எழுதும் பணியில் இருந்து 1963-இலேயே விலகிவிட்ட பில் கேஸிங் என்பவர், நாம் நிலவுக்குச் செல்லவே இல்லை என்னும் பொருளில் அதனை எழுதி வெளியிட்டார். அடுத்து 1978-இல் அமெரிக்காவில் 'கேப்ரிக்கார்ன் ஒன்' என்னும் திரைப்படம் திரையிடப்பட்டது. செவ்வாய்க் கோளுக்குச் சென்றதாக ஓர் அரசு பொய்க்காட்சி படமாக்குவதே அதன் கதை. 2001-இல் அந்நாட்டுத் தொலைக்காட்சி ஒன்று இவ்வையங்களைத் தொகுத்து ஒளிபரப்பியபின், அவை உலகெங்கும் பரவின.

ஐயுற்றவர்களை அறிவிலிகள் என்று தள்ளிவிடலாகாது. 1964-இல் டோன்கின் வளைகுடாவில் நிகழாத தாக்குதல் ஒன்றை நிகழ்ந்ததாகக் கூறி வியத்நாம் போரை விரிவாக்கியது அமெரிக்க அரசு. 1972-இல் தொடங்கிய வாட்டர்கேட் வழக்கில் நாட்டின் அதிபரே உண்மையை மறைத்தமை வெளிப்பட்டு, 1974-இல் அவர் பதவி துறந்தார். கேஸிங்கின் நூல் வெளிவந்தது அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து. தன் மக்களிடம் பொய்யுரைத்த அரசு, பின்னர் மெய்யுரைக்கும்போதும் நம்பப்படுவதில்லை. இது அவ்வரசு தேடிக்கொண்ட வினைப்பயன்.

ஆயினும், ஓரிடத்தில் பொய்யுரைத்தான் என்பதால் எல்லாவிடத்தும் பொய்யுரைத்தான் என முடிப்பது நம் தருக்க நூலார் ஒப்பாத ஏது. சாத்தியம் இல்லாவிடத்தும் காணப்படும் ஏதுவை அநைகாந்திகம் என்று அவர்கள் விலக்குவர். வாட்டர்கேட் உண்மையில் எதிர்த்திசையில் சான்று பகர்கிறது. அதிகாரத்தின் உச்சியில் இருந்த ஒரு சிலராலேயே ஒரு மறைபொருளை இரண்டாண்டுகள் காக்க இயலவில்லை. நான்கு இலட்சம் பேர் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்தனர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

திரைக்கலை பொய்யாகுமா?

இக்கூற்றில் திரைக்கலையின் பெயர் ஓயாது இழுக்கப்படுவதால் அதனையும் சற்று ஆராய்வோம். ஸ்டான்லி குப்ரிக் என்னும் இயக்குநர் 1968-இல் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்னும் படத்தில் விண்வெளியையும் நிலவின் தரையையும் வியக்கத்தக்க வகையில் காட்டினார். அதனால் மறுஆண்டு நிலவுக் காட்சியையும் அவரே இரகசியமாக எடுத்துக் கொடுத்தார் என்று கதை கட்டினர். ஆனால் அத்தகைய வல்லுநர் தீட்டிய நிலவு மலைகள் கூரிய முகடுகள் கொண்டவை. அப்போலோ வீரர் படம் பிடித்துவந்த மலைகளோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக நுண்கற்கள் மோதித் தேய்ந்து உருண்டவை. கலைஞனின் கற்பனை ஒன்றைக் காட்டியது. நிலவு வேறொன்றாக இருந்தது.

மற்றொன்றும் உண்டு. 1971 முதல் 1972 வரை சென்ற கடைசி மூன்று பயணங்களில் வீரர்கள் ஊர்தி ஓட்டினர். சக்கரம் எற்றிய தூசி, நம் ஊர்ச் சாலையில் எழுவதுபோல் மேகமாய்ச் சுழலாமல், எறிந்த கல்போல் வளைந்து சென்று அப்படியே விழுவதை அப்படங்களில் காணலாம். காற்றில்லாத இடத்தில் மட்டுமே அவ்வாறு நிகழும். 1971-இல் டேவிட் ஸ்காட் என்னும் வீரர் ஒரு கையில் சுத்தியும் மறுகையில் இறகும் பற்றி ஒருங்கே விட, இரண்டும் ஒருங்கே தரையைத் தொட்டன. 1972-இன் இறுதிப் பயணத்தில் மட்டும் வீரர்கள் ஏறத்தாழ 22 மணி நேரம் வெளியே பணிபுரிந்தனர். அத்தனை நேரக் காட்சிக்கும் காற்றே இல்லாத கொட்டகையும் ஆறில் ஒரு பங்கு எடையும் அமைப்பது, நிலவுக்குப் போவதினும் கடினம்.

நாடகமும் திரைப்படமும் பொய்யல்ல. காட்டுபவன் இது கதை என அறிவான், காண்பவனும் அறிவான். இருவருக்கும் இடையே சொல்லாத உடன்பாடு ஒன்று உண்டு. அவ்வுடன்பாட்டை முறிக்கும்போதே வஞ்சனை பிறக்கிறது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று. 2002-ஆம் ஆண்டில் வில்லியம் கேரல் என்பவர் பிரான்ஸில் ஒரு படம் எடுத்தார். குப்ரிக்கே நிலவுக் காட்சியைப் படமாக்கினார் என்று பெரிய மனிதர்கள் பலர் சாட்சி சொல்வதாக அது அமைந்தது. சொற்களை இடம் மாற்றி ஒட்டியும் நடிகர்களைக் கலந்தும் செய்த விளையாட்டு அது. படத்தைக் கண்ணால் கண்டவுடன் நம்பலாகாது என்று கற்பிப்பதே அதன் நோக்கம். இறுதியில் அவ்வுண்மையைப் படமே வெளிப்படுத்திவிடும். பின்வந்தவர்கள் என் செய்தனர்? இறுதிப் பகுதியை வெட்டி எறிந்து, எஞ்சியதைச் சான்றென்று பரப்பினர். எச்சரிக்கையாகப் பிறந்த படம், வெட்டியவர் கையில் வஞ்சனைக்குக் கருவியாயிற்று. பெரியவரின் கைப்பேசிக்கு வந்தது யாதோ அறியேன். ஆனால் இத்தகைய துண்டுகளே அவ்வழியே மிகுதியும் வருகின்றன.

ஆசார்யர் காட்டிய அளவுகோல்

படத்தைக் கொண்டு எதனையும் மெய்யென்றோ பொய்யென்றோ துணியலாகாது எனின், வேறு எதனைக் கொண்டு துணிவது? இவ்வினாவை நம் ஆசார்யர் சமந்தபத்திரர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பியுள்ளார். தேவாகமம் எனவும் வழங்கும் ஆப்தமீமாம்சையின் தொடக்கத்தில் அவர் அருகப் பெருமானையே முன்னிறுத்திப் பேசுகிறார். தேவர்கள் இறங்கி வருதலும், வானில் செல்லுதலும், கவரி வீசப்பெறுதலும் மாயவித்தைக்காரரிடத்தும் காணப்படுகின்றன; ஆகவே அவை காரணமாக நீ எமக்குப் பெரியோன் ஆகாய் என்கிறார். பின்னர், யுக்திக்கும் ஆகமத்துக்கும் மாறுபடாத உரையை உடையவனே குற்றமற்ற ஆப்தன் என நிறுவி, அவன் இவனே என்று வணங்குகிறார்.

தம் இறைவனையே வெறுங்காட்சியால் ஏற்க மறுத்த பெருந்தகை அவர். நாமோ கைப்பேசியில் வந்த துண்டுப் படத்தை ஏற்கிறோம்! வானில் செல்வதை மாயக்காரனும் காட்டுவான் என்று அவர் கூறியது, வானில் செல்வோர் யாவரும் மாயக்காரர் என்பதற்கன்று. காட்சியோடு நில்லாது ஒன்றுக்கொன்று முரணாத பல பிரமாணங்களைத் தேடுக என்பதற்காகவே.

அவ்வாறு தேடினால் நிலவுப் பயணத்துக்குப் படத்தையன்றி வேறு சான்றுகள் உளவா? உள. அப்போலோ 11, 14, 15 ஆகிய பயணங்களில் நிலவில் வைத்துவந்த ஒளிதிருப்பிகள்மீது தூய ஒளிக்கற்றையைச் செலுத்தி, திரும்பிவரும் நேரத்தைக்கொண்டு நிலவின் தொலைவை வானியலார் இன்றளவும் அளந்து வருகின்றனர். நிலவுக் கற்கள் பல நாட்டு ஆய்வகங்களுக்கு வழங்கப்பட்டன. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அவற்றை ஆராய்ந்தனர். போட்டி நாடான சோவியத் யூனியன் ஆளில்லாக் கலம் அனுப்பி 1970-இல் கொணர்ந்த நிலவு மண்ணும் உண்டு. சீனா 2020-இல் கொணர்ந்ததும் உண்டு. அப்போலோ 11 நிலவில் நின்ற அதே வேளையில் சோவியத் நாட்டின் லூனா 15 கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்து, ஜூலை 21-ஆம் நாள் மோதி அழிந்தது. வென்றவன் பொய்யன் என நிறுவத் தோற்றவனைவிட ஆவல் உடையார் யார்? அவர்களே மறுக்கவில்லை. 2009 முதல் அமெரிக்கக் கலம் ஒன்றும், 2021-இல் நமது சந்திரயான்-2 கலமும் நிலவைச் சுற்றியவாறே அவ்விடங்களைப் படம் பிடித்துள்ளன. பகைவர், அயலார், நம்மவர் ஆகிய மூவகையார் கூற்றும் ஒன்றாய் முடிகின்றது.

மறுப்பாளர் காட்டும் குறைகளுள் மெய்யானவையும் உண்டு. முதற்பயணத்தின் மூலப் பதிவு நாடாக்கள் பிற்காலத்தில் அழிக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டிருக்கக்கூடும் என்று அமெரிக்க விண்வெளி நிறுவனமே 2009-இல் அறிவித்தது. அது வருந்தத்தக்க கவனக்குறைவு. ஒளிபரப்பின் படிகள் எஞ்சியுள்ளமையால், அது சான்றின் அழிவு ஆகாது.

சியாத்வாதம் ஐயவாதம் அன்று

"நாம் அநேகாந்தவாதிகள் ஆயிற்றே. போனார்கள் என்பதும் ஒரு கோணம், போகவில்லை என்பதும் ஒரு கோணம் என்று விட்டுவிடலாமே" எனச் சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். இது அநேகாந்தத்துக்கு இழைக்கும் தீங்கு. 'சியாத்' என்பதற்கு 'ஒருகால் இருக்கலாம்' என்பது பொருளன்று. 'இன்ன நோக்கில்' என்பதே பொருள். திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகிய நான்கையும் வரையறுத்துக்கொண்டு பேசும் துல்லியமான மொழி அது.

அப்போலோ 11 பயணத்திலேயே இதற்குச் சான்று உண்டு. மூன்றாமவரான மைக்கேல் காலின்ஸ், தோழர் இருவரும் தரையில் நடக்கையில், தாம் மட்டும் தனியே நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் நிலவுக்குச் சென்றாரா? நிலவின் வட்டப் பாதையை நோக்கச் சென்றார். நிலவின் தரையை நோக்கச் செல்லவில்லை. இரண்டும் மெய், இரண்டுக்கும் நோக்கு வேறு. ஆனால் ஆம்ஸ்ட்ராங் அந்நாளில் அத்தரையில் கால் வைத்தார் என்பதும், அதே நாளில் அதே தரையில் வைக்கவில்லை என்பதும் ஒருங்கே மெய்யாகா. அங்கே அநேகாந்தத்தைத் துணைக்கு அழைப்பது, ஆராய்ச்சிக்கு அஞ்சி ஒளிவதாகும்.

எளிதாய்ச் சுமத்தும் பழி

இனி இப்பொருளின் அறப்பகுதிக்கு வருவோம். நிலவுக்கு எவர் போனால் நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கு உண்டு. செய்யாத குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்லுதலை அப்யாக்யானம் என்று நம் ஆசிரியர்கள் தீய சொல் வகைகளுள் வைத்தனர். இரத்தினகரண்டக சிராவகாசாரம், வாய்மை அணுவிரதத்துக்குரிய ஐந்து அதிசாரங்களுள் புறங்கூறலையும் பொய்யோலை புனைதலையும் எண்ணுகிறது. படத்தை வெட்டி ஒட்டுதல் இக்காலத்துப் பொய்யோலையன்றோ? அதனைப் பெற்றுப் பிறருக்கு அனுப்புபவர், நான் புனையவில்லையே என்று தப்ப இயலாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவழியாலும் வினை வந்து ஒட்டும் என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற பாடம்.

இப்பழி யார்மேல் விழுகிறது? 1967 ஜனவரி 27-ஆம் நாள், ஏவுதளத்தில் ஒத்திகை நடக்கையில் கலத்துக்குள் தீப்பிடித்து கிரிஸம், வைட், சாஃபி ஆகிய மூவரும் மாண்டனர். யாவும் நாடகமெனின் அவர்தம் சாவும் நாடகத்தின் பகுதியாகிவிடும். இரகசியம் வெளிவராதிருக்க அவர்களைக் கொன்றனர் என்றுகூட எழுதியோர் உண்டு. 2002-ஆம் ஆண்டில் ஒருவர் 72 வயதான ஆல்ட்ரினை வழிமறித்து, கோழை என்றும் பொய்யன் என்றும் முகத்துக்கு நேரே வைய, முதியவர் பொறுமை இழந்து அவர் முகத்தில் குத்திவிட்டார். கை ஓங்கியதை நாம் ஒப்பவில்லை. ஆயினும் அந்த இம்சையின் தொடக்கம் எங்கே? சான்றின்றி வீசிய சொல்லிலன்றோ?

இதனை நம் வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்து பார்ப்போம். சந்திரயான் கலங்களைச் சோதிப்பதற்காக, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறைகளைப் பொடியாக்கி நிலவு மண்ணைப் போன்ற மண் ஆக்கினர். கர்நாடகத்துச் சித்ரதுர்கா மாவட்டத்தில் நிலவிலுள்ளவை போன்ற பள்ளங்களும் தோண்டினர். 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநராக விளங்கிய வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். நம் மேல்சித்தாமூர் மடம் அமைந்த மாவட்டம் அது. நாளை எவரேனும் அப்பள்ளங்களின் படத்தைக் காட்டி, "இதோ பார், இங்கேதான் படம் எடுத்தார்கள், விழுப்புரத்துக்காரர் உலகை ஏமாற்றினார்" என்று பரப்பினால் நம் நெஞ்சம் பொறுக்குமா? அது ஒத்திகைக் களம், ஏமாற்றுக் களம் அன்று என்று எடுத்துச் சொல்ல மாட்டோமா? அமெரிக்க வீரர் அரிசோனா மாநிலத்தில் அமைத்த பள்ளங்களில் பழகிய படங்களும் அத்தகைய ஒத்திகைப் படங்களே. நமக்கு ஒரு நீதி, அயலாருக்கு ஒரு நீதி என்பது சமணம் அன்று.

இப்பழிச்சொல் ஏன் இத்துணை இனிக்கிறது? உலகமே ஏமாந்தது, நான் ஏமாறவில்லை என்னும் பெருமிதத்தை உழைப்பின்றித் தருவதால். அது மானம் என்னும் கஷாயம். நற்காட்சியின் உறுப்புகளுள் ஐயமின்மையோடு மூடமின்மையும் ஓதப்படுவதன் நயத்தை எண்ணுக. ஆராய்வதற்காக ஐயுறுபவன் விடை கிடைத்ததும் அமைதி அடைகிறான். ஐயத்தையே சுவையாகக் கொண்டவனோ ஒரு விடை கிடைத்ததும் அடுத்த ஐயத்தைத் தேடி ஓடுகிறான். இரண்டாவது மூடமே.

சாத்திரத்துக்குப் பொய் துணையாகுமா?

அப்பெரியவரின் உள்ளம் நான் அறிவேன். அவர் எவரையும் பழிக்க விரும்பியவரல்லர். ஆகமத்தின்மேல் வைத்த அன்பால் கைக்கு எட்டியதைப் பற்றிக்கொண்டார். வடநாட்டிலும் நம் சமயத்தவர் சிலர் அதே அன்பால் நிலவுப் பயணத்தை மறுத்து எழுதியதுண்டு. ஆயினும் ஆகமம் பிறர் பொய்யர் ஆவதால் நிற்பதில்லை. உயிர் உண்டு, வினை உண்டு, அதனை ஒழிக்கும் நெறி உண்டு என்னும் தத்துவங்கள் ராக்கெட்டால் எழுந்தவையும் அல்ல, வீழ்பவையும் அல்ல. உலக அமைப்பைக் கூறும் பகுதிகளுக்கும் இன்றைய வானியலுக்கும் உள்ள வேறுபாடு மெய்யானது. அதனைச் சிலர் நயங்களால் விளக்குவர். சிலர் அக்கால நூலோர் கொண்ட மரபென்பர். எனக்கு இன்னும் விளங்கவில்லை என்று ஒருவர் சொல்லலாம். விளங்காததை விளங்கவில்லை என்பதும் வாய்மையின் ஒரு வடிவமே. விளங்காமையை மறைப்பதற்காக நான்கு இலட்சம் பேரைப் பொய்யர் என்பது வாய்மையும் அன்று, அகிம்சையும் அன்று.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு அன்று சொல்லத் தவறிய விடை இது: "இல்லை அம்மா. நம் சாத்திரம் மெய்யாவதற்கு எவரும் பொய்யராக வேண்டியதில்லை. உன் வினாவுக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் அவர்கள் போனார்கள் என்பதை மறுக்கும் உரிமையும் எனக்கு இல்லை. நீ படி, படித்து எங்களுக்கும் சொல்."

பர்வம் நிறைவுறும் பொறையுடைமை வேண்டும் நாளில், எல்லா உயிர்களும் எம்மைப் பொறுத்தருள்க என்று கைகூப்புகிறோம். அவ்வுயிர்களுள், நாம் நேரில் காணாது பழித்த தொலைநாட்டு மனிதர்களும் அடங்குவர். வரும் ஆண்டு அந்நாளில் அவர்களையும் நினைந்து கைகூப்புவோம். அதுவரை, கைப்பேசிக்கு வரும் படத்தை அடுத்தவருக்கு அனுப்புமுன், நாம் ஏற்ற வாய்மை விரதத்தை ஒருகணம் எண்ணிப் பார்ப்போம்.

அறம் வளர்க!